மூன்றாவது சாக்கு

யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த ஆட்டத்தை எதற்காக ஆடவேண்டும்? அதைவிடக் கடினமான கேள்வி ஒன்றும் உண்டு. யாரும் ஜெயிக்கலாம் என்று மாற்றியமைத்த ஆட்டத்துக்கு விலை கொடுப்பது யார்? சிகாபுதீன் ராவுத்தர் இந்த இரண்டில் எதையும் வாய்விட்டுக் கேட்டவரல்ல. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் காலை வெயில் ஓட்டுச் சாய்ப்பைத் தாண்டி உள்ளே விழும் நேரம் அவர் பழைய சாக்குகளை உதறிக்கொண்டிருப்பார். ஓர் உதறல், மிளகுத் தூசி பறக்கும், இரண்டு தும்மல். பிறகு சாக்கை இரு கைகளாலும் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியாக மடித்துவைத்து, நாலு மூலையையும் காதைப் பிடித்து இழுப்பதுபோல ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்வார். மூலை சரியாக வராத சாக்கு அடுக்கில் ஏறாது.

வயது அறுபதை ஒட்டி இருக்கும். இடப்பக்கம் முடிந்த வேட்டி, அதன்மேல் அகலமான பச்சை பெல்ட், தலையில் ஒரு துண்டு. முன்னோர் பாலக்காட்டிலிருந்து வந்தவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், தொழுகையில் அரபு. கோபம் வந்தால் எந்த மொழியும் கிடையாது, மூக்கை உறிஞ்சுவார், அவ்வளவுதான். கடையில் நாற்காலி இருக்கிறது. வந்தவர்கள் உட்கார அது. தாம் சாக்குக் கட்டின்மேல்தான் உட்காருவார். எதிர்க் கடையிலிருந்து வரும் சாயாவில் பால் கூடாது, சர்க்கரை கூடாது. அதையும் பாதி குடித்துவிட்டு வைத்துவிடுவார். மீதியை என்ன செய்வது என்று தெரியாமல் கிளாஸ் மதியம்வரை அங்கேயே இருக்கும்.

"பந்தைக் காலால தொட்டதே கிடையாது இந்த மனுசன்," என்று உள்ளேயிருந்து அவர் மனைவி ஹாஜரா ஒருமுறை என்னிடம் சொன்னார். "ஆனா பேச்செல்லாம் பந்துதான். எனக்குக் கல்யாணமானது ஒரு சாக்கு யாவாரியோட, பின்னே பாத்தா கால்பந்து செக்கரட்டரியோட."

ராவுத்தரின் காலை நேரத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. கடைத்தெருக் கிடங்கு ஒன்றில் சுக்கு புடைக்கும் பேச்சியம்மாள், முறத்தை இடுப்பில் அணைத்தபடி அந்த வழியாக வருவாள். கடைக்கு நேரே வந்ததும் நடை ஒரு கணம் தடைப்படும். கடையைப் பார்க்கமாட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விடுவாள். அவள் தலை தெருமுனையில் மறையும்வரை ராவுத்தர் எழுந்து நிற்பார். கையில் சாக்கு இருந்தால் சாக்கோடு நிற்பார்.

"எதுக்கு ராவுத்தரே எந்திரிச்சு நிக்கறது?" என்று சாயாக்கடைக்காரர் கேட்டார்.

"காலு மரத்துப்போச்சு."

பேச்சியம்மாளின் கணவன் இசக்கிமுத்து. இடது முழங்கால் மடங்காதவன். ஒரு காலத்தில் இந்த ஊர் அவன் காலைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறது. அந்தக் கால் போனதற்கு ராவுத்தர்தான் காரணம் என்று பேச்சியம்மாள் சொல்கிறாள். மட்டாஞ்சேரிக் கால்பந்து லீக் நின்றுபோனதற்கும் ராவுத்தர்தான் காரணம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். இரண்டும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் ஒரே மழைக்காலத்தில் தொடங்கியவை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

லீக்கில் ஆறு கிளப்புகள் இருந்தன. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் உண்டு. அதை ஆட்டத்துக்கென்று யாரும் கொடுப்பதில்லை. கிடங்கிலோ பட்டறையிலோ படகுத்துறையிலோ ஒரு வேலையாகக் கொடுப்பார்கள். கொடுக்கிற வேலை எவ்வளவு நல்லதோ அவ்வளவு நல்ல ஆட்டக்காரன் வருவான். பஜார் யுனைடெட் ஒரு மிளகுக் கம்பெனியின் ஆதரவில் நடந்தது. அங்கே மாதச் சம்பளம், மழைக்காலத்திலும் வேலை. தோப்பும்படி பிரதர்ஸ் படகு எஞ்சின் பட்டறைக்காரர்களின் கிளப். மழை தொடங்கிப் படகுகள் கரையேறினால் அவர்களிடம் கொடுக்க வேலையும் இல்லை, கூலியும் இல்லை. ஆகவே பஜார் எப்போதும் முதலிலும் பிரதர்ஸ் எப்போதும் கடைசியிலும் வந்தன. இதில் யாருடைய தவறும் இல்லை. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதில் யார் தவறு?

ராவுத்தர் இதற்குள் வந்தது சாக்கு வழியாக. கயிற்றுக் கிடங்கை ஒட்டிய மைதானத்துக்குச் சுவர் கிடையாது. டிக்கெட் வாங்காமல் பார்ப்பவர்களைத் தடுக்க, சாக்குகளை ஒன்றோடொன்று தைத்து மூங்கில் நட்டுச் சுற்றிலும் திரை கட்டுவார்கள். திரை ராவுத்தருடையது. வெளியே நிற்பவர்கள் விரலால், குச்சியால், பீடிக் கங்கால் அதில் ஓட்டை போட்டு ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் ராவுத்தர் திரை ஓரமாகக் கையால் தடவிக்கொண்டே நடந்து, புதிய ஓட்டைகளைத் தேடுவார். அடுத்த ஆட்டத்துக்குள் அவை தைக்கப்பட்டாகவேண்டும்.

பஜார் தொடர்ந்து ஜெயிக்க ஜெயிக்க ஓட்டைகள் குறைந்தன. ஒரு பருவத்தில் திரையில் தைக்க ஒன்றுமே இல்லாமல் போனது. தையல் வேலை மிச்சம் என்று வேறொருவர் மகிழ்ந்திருப்பார். ராவுத்தர் லீக் கமிட்டியின் முன் வந்து நின்றார்.

"எஞ்சாக்குல ஓட்டை விழல," என்றார். "ஓசியில பாக்கக்கூட ஆளில்ல. ஓட்டை போட ஆளில்லாத லீக் செத்த லீக்காக்கும்."

சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பந்து உருண்டை. அது எந்தப் பக்கமும் உருளணும். எப்பவும் ஒரே பக்கமா உருண்டா அது மைதானம் இல்ல, சரிவு."

அவர் சொன்ன யோசனையிலிருந்துதான் 'எடுப்பு' வந்தது. அவரையே செக்ரட்டரியாகவும் ஆக்கினார்கள். பருவம் முடிந்து, வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்ததும் ஆறு கிளப்பும் ராவுத்தர் கிடங்கில் கூடவேண்டும். அந்தப் பருவத்தில் முதலிடம் பிடித்த கிளப் தன் ஆட்டக்காரர்களின் சட்டைகளைத் தரையில் வரிசையாகப் பரப்பவேண்டும். அதில் இரண்டு சட்டைகளைச் சாக்குப் போட்டு மூடிக்கொள்ளலாம். மூடாதவற்றில் எதை வேண்டுமானாலும் கடைசியில் வந்த கிளப் குனிந்து எடுத்துக்கொள்ளலாம். எடுத்தது எடுத்ததுதான். சட்டைக்குரியவன் அடுத்த பருவத்திலிருந்து அந்த கிளப்புக்கு ஆடுவான். மறுத்தால் லீக்கில் எங்கும் ஆட முடியாது.

மூன்றாவதாக ஒரு சாக்கும் ஓரமாக மடித்து வைக்கப்படும். அது செக்ரட்டரியின் சாக்கு. லீக்குக்கே கேடு வரும் என்று தோன்றினால், செக்ரட்டரி அதைப் போட்டு ஏதாவது ஒரு சட்டையை மூடலாம், காரணம் கேட்கக்கூடாது. எடுப்பு தொடங்கிய முதல் பருவத்தில் கண் கண்ணாக ஓட்டை விழுந்து திரையிலிருந்து கழற்றிய சாக்கு அது. அதை மட்டும் அவர் தைக்காமல் வைத்திருந்தார். "மூணாவது சாக்கு எதுக்கு ராவுத்தரே, மழைக்குத் தலையில போட்டுக்கவா?" என்று ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். "கெடக்கட்டும்," என்பார். எந்த ஆண்டும் அதை அவர் தொட்டதில்லை.

நான் எதையும் சுலபமாகப் புகழ்கிறவனல்ல. ஆனாலும் அடுத்து வந்த பருவங்கள் நன்றாக இருந்தன என்பதைச் சொல்லியாகவேண்டும். வலுவுள்ளது கொஞ்சம் இழந்தது, இல்லாதது கொஞ்சம் பெற்றது. எந்த ஆட்டம் எப்படி முடியும் என்று சாயாக்கடையில் பந்தயம் கட்ட முடியாமல் போயிற்று. திரை சல்லடையானது. ராவுத்தர் வெயிலில் உட்கார்ந்து ஓட்டைகளைத் தைத்துக்கொண்டே, "பாத்தீங்களா, இது ஒரு பெரிய கண்ணு. தலையையே உள்ள விட்டிருக்கான் களவாணி," என்று சொல்லும்போது அவர் குரலில் இருந்தது மகிழ்ச்சிதான்.

இசக்கிமுத்து அந்த நாட்களில்தான் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தான். மெலிந்த உடம்பு. பந்தோடு ஓடும்போது இடுப்பிலிருந்து மேலே ஒரு பக்கமும் கீழே மறு பக்கமும் போவதுபோல ஒரு வளைவு. எதிரே வருபவன் மேலுடம்பை நம்பி ஏமாந்துபோவான். பஜார் கிளப் அவனை எடுத்து, கம்பெனிக் கிடங்கில் மூட்டைக்கு அடையாள மை போடும் வேலையைக் கொடுத்தது. கல்யாணம் செய்து பேச்சியம்மாளை அழைத்துவந்தான். புதியவன்தானே, யார் கவனிக்கப்போகிறார்கள் என்று அந்த ஆண்டும் முதலிடம் பிடித்த பஜார்காரர்கள் எடுப்பில் அவன் சட்டையை மூடாமல் விட்டார்கள். கடைசி இடத்திலிருந்த பிரதர்ஸின் கேப்டன் ராசப்பன், எஞ்சின் எண்ணெய் ஏறிய விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு, குனிந்து அதைத்தான் எடுத்தான்.

"சட்டைய எடுக்கும்போது உள்ள ஆளு இருக்கானான்னு பாத்து எடுங்க அண்ணாச்சி," என்றான் இசக்கிமுத்து. கிடங்கே சிரித்தது. அவனும் சிரித்தான்.

அடுத்த வாரம் கம்பெனி அவனை வேலையிலிருந்து நிறுத்தியது. ராவுத்தர் குடையை எடுத்துக்கொண்டு பஜார் கிளப் தலைவரும் கம்பெனி மானேஜருமான அனந்தநாராயணனைப் பார்க்கப் போனார். அனந்தநாராயணன் கொடியவரல்ல. நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பேசினார். அன்று ராவுத்தர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ராவுத்தரே, சட்டம் உம்முடையது. வேலை கம்பெனியுடையதாக்கும். பந்து ஆடறவனுக்குன்னு போட்ட வேலை அது. ஆட்டம் தோப்பும்படிக்குப் போனா வேலை மட்டும் இங்கே உக்காந்துண்டு இருக்குமோ? அப்படி வெச்சேன்னா, நாளைக்கு என் காசுல எல்லா கிளப்பும் ஆடும். அதுதான் உம்ம நியாயமோ?"

திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "அவர் சொன்னதுல தப்பில்ல. அதுதான் கஷ்டம்."

சமம் என்பது இரண்டு பொருள்களுக்கு நடுவே இருப்பது. எந்தப் பொருளுக்குள்ளும் அது இருப்பதில்லை. கிளப்புக்கும் கிளப்புக்கும் நடுவே ராவுத்தர் அதைக் கொண்டுவந்துவிட்டார். அதற்காக இங்கிருந்து அங்கே நகர்த்தப்பட்டவனுக்குள் அது எங்கே போய் உட்காரும்?

தம் கடையிலேயே சாக்குத் தைக்கும் வேலை தருகிறேன் என்று ராவுத்தர் இசக்கிமுத்துவைக் கூப்பிட்டுச் சொன்னார். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. "சட்டத்தையும் நீங்களே போட்டு, சோத்தையும் நீங்களே போட்டா, நான் யாருக்கு ஆடுதேன் மொதலாளி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

வெயில் மாதங்களில் ராசப்பன் பட்டறையில் அவனுக்கு ஏதோ வேலை இருந்தது. மற்ற நாட்களில் துறைமுக வாசலுக்குப் போனான். அங்கே அந்தக் காலத்தில் ஆள் எடுத்த விதத்தை இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களில் சிலர் அறிந்திருக்கமாட்டார்கள். கப்பல் வந்தால், குத்தகைக்காரரின் ஆள் ஒரு மேட்டில் ஏறி நின்றுகொண்டு 'சாப்பா' என்கிற உலோக வில்லைகளைக் கூட்டத்துக்கு நடுவே எறிவான். கீழே நிற்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அதைப் பிடிக்கவேண்டும். வில்லை கிடைத்தவனுக்கு அன்று கூலி, மற்றவர்களுக்குக் காயம். இசக்கிமுத்துவுக்குப் பெரும்பாலும் வில்லை கிடைத்துவிடும். மைதானத்தில் கைதட்டு வாங்கித் தந்த அதே வளைவால் அவன் ஆட்களுக்கு இடையே நுழைந்து வெளியே வருவான். "கோலடிச்சல்லோ!" என்று உதடு கிழிந்தவர்கள் கத்துவார்கள்.

அவனை வைத்துக்கொண்டு பிரதர்ஸ் மேலே ஏறியது. ஐம்பத்தொன்பதில் கடைசிக்கு முந்தைய வாரமே முதலிடம் அவர்களுக்கு உறுதியாகிவிட்டது. பஜாரோ கீழே இறங்கிக் கடைசி இடத்துக்குப் பள்ளுருத்திக் கிளப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த இரண்டும் மோதும் ஓர் ஆட்டம்தான் பாக்கி.

அந்த ஆட்டத்துக்கு முன்பு பேச்சியம்மாள் இடுப்பில் குழந்தையோடு ராவுத்தர் கடைக்கு வந்தாள். நான் எதிரே சாயாக்கடையில் இருந்தேன். தெரு அவ்வளவு குறுகல்; பேச்சு கேட்கும்.

"மொதலாளி, பஜாரு கடேசியா வந்தா எங்க வீட்டுக்காரவுகளத் திரும்ப எடுத்துக்கிடுதேன்னு கம்பெனி ஐயரு சொல்லிட்டாரு. கிடங்குல அதே வேல. நிரந்தரம்னு சொல்லுதாரு."

"ஆட்டத்துல யாரு தோப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும் மோளே?"

"அதுக்குத்தான் வந்தேன். தெரியாத மாதிரியே இருந்துக்கிடுங்க."

ராவுத்தர் சாயா வாங்கிவரச் சொன்னார். அவள் அதைத் தொடவில்லை. "மழ வரப்போவுது மொதலாளி. போன மழைக்கு அவுக ரெண்டு வெரலு நசுங்கிச்சு. இந்த மழைக்கு என்ன நசுங்குமோ," என்றாள். குழந்தை சாக்குக் கட்டைப் பிடித்து இழுத்தது. அதன் கையை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தோற்பதற்காக ஆடும் ஆட்டத்தை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. இசக்கிமுத்துவை எடுக்க இரண்டு கிளப்புக்கும் கடைசி இடம் வேண்டும். பஜாருக்கு அதற்குத் தோல்வி வேண்டும். சமமாக முடிந்தால் பழைய கோல் கணக்கில் பள்ளுருத்தி கடைசியாகிவிடும்; ஆகவே அந்தக் கிளப்புக்கு ஜெயிக்காமல் இருந்தால் போதும். தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பஜார் ஆட்டக்காரர்கள் பந்தைத் தங்கள் கோலை நோக்கியே உருட்டத் தொடங்கினார்கள். பள்ளுருத்திக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டு, ஓடிவந்து பஜார் கோலுக்கு முன்னால் வரிசையாக நின்று அதைக் காவல் காத்தார்கள். எதிரியின் கோலில் பந்து விழாமல் தடுக்க ஆறு பேர் நெஞ்சைக் கொடுத்து நின்றார்கள். பஜார் கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்துகொண்டு தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தான்.

முதலில் கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. "எடா, போஸ்ட்டைத் திருப்பி வெய்யெடா!" என்று ஒருவர் கத்தினார். பிறகு சிரிப்பு நின்றது. கடலைத் தோலும் மண்கட்டிகளும் விழுந்தன. ஆட்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள். ராவுத்தர் தம் வழக்கமான சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்து, முழங்கால்களில் கையூன்றி, ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூக்கை உறிஞ்சுவது மட்டும் எனக்குக் கேட்டது.

பேச்சியம்மாள் மைதானத்துக்கு வந்தது அன்று முதல் தடவை. திரை ஓரமாக இசக்கிமுத்துவின் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு ஆட்டம் தெரியாது. பந்து கோல் பக்கம் போகும்போதெல்லாம், "இப்பத் தோத்துட்டாவளா? இப்ப?" என்று கேட்டாள். கடைசி விசில் ஊதும் நேரத்தில் பஜாரின் பின்வரிசை ஆள் ஒருவன், காவல் நின்றவர்களின் தலைக்கு மேலாகத் தன் வலைக்குள்ளேயே பந்தை அடித்துவிட்டான். ஒரே ஒரு கைதட்டு கேட்டது. அது பேச்சியம்மாளுடையது. அவள் முகம் முழுக்க மலர்ந்திருந்தது.

"கைய எறக்கு," என்றான் இசக்கிமுத்து.

எல்லோரும் போனபிறகு ராவுத்தர் திரையைத் தடவிக்கொண்டே மைதானத்தைச் சுற்றிவந்தார். புதிதாக ஓர் ஓட்டையும் இல்லை. கடைசி மூங்கிலுக்கு வந்ததும் திரும்பி, எதிர்ப் பக்கமாக இன்னொரு முறை தடவிக்கொண்டே போனார்.

எடுப்பு நாளில் மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. கிடங்கில் ஈரச் சாக்கின் வாடை. பிரதர்ஸின் நீலச் சட்டைகளைத் தரையில் பரப்பினார்கள். ராசப்பன் இரண்டு சாக்குகளையும் எடுத்துக்கொண்டு வரிசையின் முன் நின்றான். இசக்கிமுத்துவின் சட்டையைத்தான் முதலில் மூடுவான் என்று எல்லோரும் எண்ணினார்கள். அவன் கோல்கீப்பரின் சட்டையை மூடினான். அடுத்ததாக நடு ஆட்டக்காரன் ஒருவனின் சட்டையை. பிறகு விலகி நின்றுகொண்டான்.

"ராசப்பா, பாத்துத்தான் செய்யறியோ?" என்று அனந்தநாராயணனே கேட்டுவிட்டார்.

"பாத்துத்தான் சாமி. காலாகாலமா கடைசியில கெடந்தவங்களாணு நாங்க. இனியும் கெடப்போம். அவன் வீட்டுல அடுப்பு எரியட்டும்."

கிடங்கில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு கிளப் தான் ஏறிய இடத்தை ஒரு குடும்பத்துக்காக விட்டுக்கொடுத்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். வாசலில், சாய்ப்பிலிருந்து விழும் தண்ணீருக்கு அந்தப் பக்கம், பேச்சியம்மாள் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றாள். இசக்கிமுத்து அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். அனந்தநாராயணன் வேட்டியைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"நில்லுங்க," என்றார் ராவுத்தர்.

மூன்றாவது சாக்கு சுவரோரம் இருந்தது. அதுவரைக்கும் நாலைந்து அடிதான். அந்த நாலைந்து அடிக்குள் அவர் மனத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். தோற்றுச் சம்பாதித்ததைக் கையில் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை என்கிறான் ராசப்பன். கம்பெனியின் வாக்கில் அவருக்கு நம்பிக்கை இல்லை என்று சாயாக்கடைக்காரர் நினைக்கிறார். "அன்னைக்கு ராத்திரி இந்த மனுசன் சாப்பிடல. அதுக்கு மேல எனக்கொண்ணும் தெரியாது," என்கிறார் ஹாஜரா. "சட்டைக்குள்ள மனுசன் இருந்தா அவருக்குக் கண்ணு தெரியாது. ஓட்டைன்னா நல்லாத் தெரியும்," என்பது பேச்சியம்மாளின் பேச்சு.

எனக்கும் ஒரு காரணம் தோன்றியது. நியாயத்துக்கென்று வைத்த வாசல் வழியாக இரக்கம் நுழைந்துவிட்டால், பின்னால் சூதும் அதே வாசலில் வந்து நிற்கும் என்று அவர் அஞ்சியிருக்கலாம். ஆனால் இது புத்தகத்திலிருந்து வந்த காரணம். சூதுதான் அங்கே முதலிலேயே வந்து உட்கார்ந்திருந்ததே. லீக் முடிந்துவிட்டது என்பதைத் திரையைத் தடவிய அன்றே அவர் விரல்கள் அறிந்திருக்கும். இல்லாத லீக்கைக் காப்பாற்ற ஒருவன் சோற்றை யாராவது மூடுவார்களா? பஜாரும் பள்ளுருத்தியும் மறு ஆண்டு வரவில்லை, மற்றவர்களும் கலைந்தார்கள். அந்த மழைக்காலத்திலேயே ஒரு காலையில் சாப்பாவுக்குப் பாய்ந்த கூட்டத்தின் அடியில் இசக்கிமுத்துவின் முழங்கால் அகப்பட்டது. ராவுத்தர் ஆஸ்பத்திரிக்குப் போனார். பேச்சியம்மாள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். இப்போது துறைமுகத்தில் சாப்பா எறிவதும் நின்றுவிட்டது. அன்றைய காரணத்தை ராவுத்தரிடமே ஒருமுறை நேராகக் கேட்டேன். சாயா வருகிறது, குடித்துவிட்டுப் போங்கள் என்றார்.

அன்று அவர் அந்தச் சாக்கை எடுத்து ஓர் உதறல் உதறினார். இரண்டு முறை தும்மினார். வாசல் பக்கம் பார்க்கவில்லை. அனந்தநாராயணனின் நீட்டிய கைக்கும் தரைக்கும் நடுவே குனிந்து, இசக்கிமுத்துவின் சட்டைமேல் அதை விரித்தார். ஒரு மூலையை இழுத்தார். அடுத்த மூலை. மூன்றாவது. நான்காவது மூலையையும் இழுத்துச் சரிசெய்தபிறகு, யாரோ எப்போதோ கண் வைத்துப் பார்த்த ஓர் ஓட்டை வழியாகச் சட்டையின் நீலம் கொஞ்சம் தெரிந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, எழுந்திருக்காமல் அப்படியே குந்தியிருந்தார்.